நகர வெள்ளமும் நீர் ஊடுபுகவிடும் தளங்களும்

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்
பாடப்பரப்பு: சூழற் பிரச்சினைகளும் அவற்றை முகாமை செய்தலும்



"நகரப் பகுதிகளில் வெள்ளப் பாதிப்பைக் குறைப்பதற்கான நடவடிக்கைகள் மூன்றினைத் தருக." இவ்வாறான வினாவை வகுப்பில் கொடுத்தால் பத்தில் எட்டுப் பேர் ஒரே விடையைத்தான் எழுதித் தருகிறார்கள். மரம் நடுதல், வடிகான்களைத் துப்புரவு செய்தல், மக்களுக்கு விழிப்புணர்வூட்டல். இவை பிழையான விடைகள் அல்ல. ஆனால் "விளக்குக" என்று அடுத்த பகுதியில் கேட்டவுடன் பேனை நின்று விடுகிறது. நடவடிக்கையின் பெயர் தெரிகிறது, அது எவ்வாறு வேலை செய்கிறது என்பது தெரிவதில்லை.

இப்பாடத்தில் ஒரே ஒரு நடவடிக்கையை எடுத்து, அதை அடி முதல் நுனி வரை கற்போம். அதுதான் நீர் ஊடுபுகவிடும் தளம். இதற்கான உதாரணங்களை நீங்கள் வெகு தூரம் போய்த் தேட வேண்டியதில்லை. உங்கள் வீட்டு முற்றமும் ஒழுங்கையுமே போதும்.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• நகர வெள்ளம் ஏற்படும் விதத்தை ஊடுவடிதல், மேற்பரப்பு ஓடுநீர் ஆகிய எண்ணக்கருக்களைக் கொண்டு விளக்குவீர்கள்.
• நீர் ஊடுபுகவிடும் தளத்தின் படைகளைப் பெயரிட்டு, ஒவ்வொன்றினதும் தொழிலைக் கூறுவீர்கள்.
• அதன் நன்மைகளையும் எல்லைகளையும் உதாரணங்களுடன் எழுதுவீர்கள்.

1. எமது பிரதேசம்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தை இலங்கைப் படத்தில் பாருங்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் வடக்குத் தெற்காக ஒன்றையொன்று தொட்டபடி நிற்கின்றன. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே வயல்களும் தாழ்ந்த ஈர நிலங்களும். இரண்டுக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய மணல் மேடு. அதன் மேல்தான் நாம் வாழ்கிறோம். கல்முனை மாநகர எல்லைக்குள் மாத்திரம் 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் இருந்தனர்.

காலநிலை ரீதியில் இது உலர் வலயம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரண்டாவது இடைப்பருவக் காற்று மழையும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று மழையும் கிடைக்கின்றன. வருடத்தின் மழையில் பெரும் பகுதி இந்த ஐந்து மாதங்களுக்குள் கொட்டி முடிந்து விடுகிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை கிணற்றில் வாளி அடி தட்டுகிறது.

இந்த முரண்பாட்டை நன்கு மனதிற் கொள்க. மாரியில் தண்ணீரைத் துரத்தப் பாடுபடுகிறோம். கோடையில் அதே தண்ணீரைத் தேடுகிறோம். இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே.

2. வெள்ளம் எல்லாம் ஒன்றல்ல

மாணவர் பலர் இழைக்கும் முதற் பிழை, வெள்ளம் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைப்பதாகும். எமது கரையோரத்தில் மூன்று வகை வெள்ளங்களைக் காணலாம்.

(அ) ஆற்று வெள்ளம்: பட்டிப்பளை ஆறு எனப்படும் கல்லோயாவின் நீரேந்து பரப்பிலும் மேற்கு வயல்களிலும் பெய்த மழைநீர் கடலை நோக்கி வரும்போது தாழ்நிலங்களையும் வீதிகளையும் மூடுதல். கிழக்குக் கரையில் ஆற்று முகத்துவாரங்கள் மணலால் அடைபட்டிருக்கும்போது இது மேலும் மோசமாகும். 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் கிழக்கு மாகாணம் கண்ட பெருவெள்ளம் இவ்வகையை விளக்க நல்ல உதாரணம். 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் வீதியை ஊடறுத்துப் பாய்ந்த வெள்ளத்தில் உழவு இயந்திரப் பெட்டி அடித்துச் செல்லப்பட்டு, வீடு திரும்பிக் கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்கள் உங்கள் வயதினர்.

(ஆ) கடல் பெருக்கு: புயலாலோ ஆழிப்பேரலையாலோ கடல்நீர் தரைக்கு ஏறுதல். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இதற்கு உதாரணம். இலங்கையில் ஆகக் கூடிய உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் எமது அம்பாறை மாவட்டமே.

(இ) நகர வெள்ளம்: ஊருக்குள் பெய்த மழை, ஊருக்குள்ளேயே போக இடமின்றித் தேங்குதல். ஆறும் வேண்டாம், கடலும் வேண்டாம். இரண்டு மணி நேர மழையே போதும்.

நாம் கற்கும் நீர் ஊடுபுகவிடும் தளம் மூன்றாவது வகைக்கே மருந்தாகும். முதலிரண்டையும் அது தடுக்காது. மாவடிப்பள்ளியில் வந்த நீரை எந்த முற்றமும் குடித்திருக்க முடியாது. அதற்கு வேண்டியவை உயரமான பாலங்கள், முற்கூட்டிய எச்சரிக்கை, ஓடும் வெள்ளத்தில் இறங்காத கட்டுப்பாடு. விடைத்தாளில் இந்த வேறுபாட்டைக் காட்டி எழுதும் மாணவனின் விடை தனியாகத் தெரியும்.

3. மழைத்துளி எங்கே போகிறது?

தரையில் விழும் மழைநீருக்கு மூன்று வழிகள் உண்டு. ஒரு பகுதி ஆவியாகிறது. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. இது ஊடுவடிதல் எனப்படும். மீதி தரையின் மேலால் ஓடுகிறது. இது மேற்பரப்பு ஓடுநீர் எனப்படும்.

மண்ணின் வகைக்கு ஏற்ப ஊடுவடியும் வேகம் மாறுபடும். நீர் நன்கு ஊறிய பின்னரும் மணல் மண் மணித்தியாலத்துக்கு 30 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட நீரை உள்ளே எடுக்க வல்லது. களிமண் 1 முதல் 5 மில்லிமீற்றர் வரைதான் எடுக்கும். நாம் வாழ்வது மணல் மண்ணில். அதாவது நீரை உறிஞ்சுவதில் ஆகச் சிறந்த தரை இயற்கையாகவே எமக்குக் கிடைத்திருக்கிறது.

அப்படியானால் ஏன் தண்ணீர் நிற்கிறது? நாமே அந்தத் தரைக்கு மூடி போட்டு விட்டோம்.

என்னுடைய சிறு வயதில் எங்கள் வீட்டு முற்றம் வெள்ளை மணல். மூத்தம்மா அதிகாலையில் ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டிக் கோலமாக்கி வைப்பார். பெருநாள் வந்தால் ஒரு மாட்டு வண்டில் புது மணல் வந்து இறங்கும். பின்னாளில் நான் உழைக்கத் தொடங்கியபோது, முற்றத்துக்குக் கொங்கிறீற்றுப் போட்டவன் நானே. சேறு இல்லை, செருப்பில் மண் இல்லை, மோட்டார் சைக்கிளை நேரே ஏற்றலாம் என்று மகிழ்ந்தேன். அந்த மாரியிலேயே எங்கள் முற்றத்து நீர் படலைக்கு வெளியே ஓடி, எதிர்த்த பதிவான வளவில் இருந்த மாமியின் குசினிக்குள் போனது. அவர் சண்டை பிடிக்கவில்லை. "மகன், உங்கட மழையும் எங்கட வீட்டுக்குத்தான் வருது" என்று மாத்திரம் சொன்னார். நான் படித்தது கலைப்பாடம், பொறியியல் அல்ல. இருந்தும் அன்றைக்கு அவர் சொன்ன ஒரு வசனத்தில் இந்தப் பாடம் முழுவதும் இருந்தது. மேற்பரப்பு ஓடுநீர் என்பது ஒருவர் கழித்து விட்ட மழை. அது இன்னொருவர் வாசலுக்குப் போகிறது.

4. கணக்கிட்டுப் பார்ப்போம்

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: 1 சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் கிடைப்பது 1 லீற்றர் நீர்.

ஒரு பேர்ச் காணி ஏறத்தாழ 25.3 சதுர மீற்றர். எனவே 10 பேர்ச் வளவு ஏறத்தாழ 250 சதுர மீற்றர். அதில் வீடு 130, முற்றம் 120 சதுர மீற்றர் எனக் கொள்வோம். ஒரு மாலையில் 60 மில்லிமீற்றர் மழை பெய்கிறது.

முற்றத்தில் விழும் நீர் = 120 × 60 = 7200 லீற்றர்

கொங்கிறீற்று முற்றத்தில் 90 வீதம் ஓடிவிடும் எனக் கொண்டால்,
வெளியே போகும் நீர் = 6480 லீற்றர்

மணல் முற்றத்தில் 15 வீதம் ஓடும் எனக் கொண்டால்,
வெளியே போகும் நீர் = 1080 லீற்றர்

வித்தியாசம் = 5400 லீற்றர்

இது ஒரு வீடு. 100 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் உடைய ஓர் ஒழுங்கையில் இரு பக்கமும் இவ்வாறு 20 வீடுகள் இருந்து, எல்லோரும் முற்றத்தை மூடினால், மேலதிகமாக வரும் நீர் 1,08,000 லீற்றர், அதாவது 108 கன மீற்றர். ஒழுங்கையின் பரப்பு 300 சதுர மீற்றர். வடிகான் பொலிதீனால் அடைபட்டு நீர் வெளியேறாவிட்டால்,

நீரின் உயரம் = 108 ÷ 300 = 0.36 மீற்றர் = 36 சென்ரிமீற்றர்

கூரைகளிலிருந்து விழுந்த நீரை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை. 36 சென்ரிமீற்றர் என்பது பல வீடுகளின் வாசற்படியைத் தாண்டும் உயரம். இந்த வெள்ளம் மேற்கிலிருந்து வரவில்லை, கடலிலிருந்தும் வரவில்லை. இருபது முற்றங்களிலிருந்து வந்தது.

5. நீர் ஊடுபுகவிடும் தளம் என்றால் என்ன?

மனிதரும் வாகனமும் செல்லத்தக்க உறுதியுடன், மழைநீரைத் தன் ஊடாகக் கீழே செல்லவிடும் வகையில் அமைக்கப்படும் தரை நீர் ஊடுபுகவிடும் தளம் எனப்படும். சேறில்லாத தரையும் வேண்டும், நீர் இறங்கவும் வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் அது ஒருங்கே நிறைவேற்றுகிறது.

பிரதான வகைகள் நான்கு:

(அ) இடைவெளிக் கல் தளம் – கற்களுக்கிடையே இடைவெளி விட்டு, அவ்விடைவெளியைச் சிறு சல்லியால் நிரப்புதல்.
(ஆ) துளைக் கொங்கிறீற்று – மணல் சேர்க்காமல் அல்லது மிகக் குறைவாகச் சேர்த்துச் சல்லியும் சீமெந்தும் கொண்டு அமைப்பது. இதன் கன அளவில் ஏறத்தாழ 15 முதல் 25 வீதம் வரை வெற்றிடமாக இருக்கும்.
(இ) துளைத் தார்த் தளம் – நுண்ணிய துணிக்கைகள் நீக்கப்பட்ட சல்லியுடன் தார் கலந்து இடப்படுவது.
(ஈ) கட்டச் சட்டத் தளம் – கொங்கிறீற்று அல்லது பிளாஸ்ரிக் சட்டங்களின் துவாரங்களுக்குள் புல்லோ சல்லியோ இடப்படுவது.

இடைவெளிக் கல் தளத்தின் படைகள் (மேலிருந்து கீழாக):

1. கல் – ஏறத்தாழ 80 மில்லிமீற்றர் தடிப்பு. பாரத்தைத் தாங்கும்.
2. இடைவெளியில் சிறு சல்லி – நீர் நுழையும் வாசல் இதுவே.
3. சிறு சல்லிப் படுக்கை – ஏறத்தாழ 50 மில்லிமீற்றர். கல்லைச் சமமாக இருத்தும்.
4. பெருஞ்சல்லிப் படை – ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் அல்லது தேவைக்கேற்ப. நீரைத் தற்காலிகமாகச் சேமிக்கும்.
5. வடிதுணி – மண் மேலேறிச் சல்லியை அடைக்காமல் தடுக்கும். எல்லா இடத்திலும் கட்டாயமன்று.
6. இயற்கை மண் – நீரை ஆறுதலாக உறிஞ்சும்.

நான்காவது படையே இதன் உயிர்நாடி. ஒரே அளவான பெருஞ்சல்லிகளுக்கிடையே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வெற்றிடம் இருக்கும். எனவே 300 மில்லிமீற்றர் தடிப்பான படை 100 மில்லிமீற்றர் மழையைத் தனக்குள் வைத்திருக்கக் கூடியது. நாம் எடுத்த 120 சதுர மீற்றர் முற்றத்தில் இது 12,000 லீற்றர் ஆகும். முற்றத்தில் விழுந்த 7200 லீற்றரும் அடங்கி, கூரை நீரில் ஒரு பகுதிக்கும் இடமிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு குளம் உங்கள் காலுக்குக் கீழே இருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள்.

கவனிக்க: எமது ஊர்களில் "இன்டர்லொக்" கல் பதித்த முற்றங்களும் வீதிகளும் இன்று ஏராளம். அவை எல்லாம் நீர் ஊடுபுகவிடும் தளங்கள் என்று எழுதினால் பிழை. சாதாரண இன்டர்லொக் கற்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, இடையில் நுண்மணல் நிரப்பப்பட்டு, கீழே இறுக்கிய கிரவல் மீதோ கொங்கிறீற்று மீதோ பதிக்கப்படுகின்றன. அவற்றின் ஊடாகச் சிறிதளவு நீரே இறங்கும். கல்லின் வடிவம் ஒன்றாக இருக்கலாம். இடைவெளியும் கீழுள்ள சல்லியும்தான் வேறுபாட்டைத் தீர்மானிக்கின்றன.

செயற்பாடு

இரு பக்கமும் திறந்த ஒரு பழைய பால்மா டின்னை எடுங்கள். வீட்டு மணல் தரையில் இரண்டு விரல் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஒரு லீற்றர் நீரை ஊற்றி, அது முழுதாக இறங்க எடுக்கும் நேரத்தைக் குறியுங்கள். பின்பு இன்டர்லொக் தரையில் டின்னை வைத்து, விளிம்பைக் களிமண்ணால் அடைத்து அதையே செய்யுங்கள். மூன்றாவதாகக் கொங்கிறீற்றுத் தரையில் செய்யுங்கள். மூன்று நேரங்களையும் அட்டவணையாக எழுதி, சலாகை வரைபில் காட்டுங்கள். கோடையில் ஒரு முறையும் மாரியில் ஒரு முறையும் செய்து பார்த்தால் இன்னொரு உண்மையும் தெரியவரும். அதை 7 ஆம் பகுதியில் விளக்குகிறேன்.

6. நன்மைகள்

(1) மேற்பரப்பு ஓடுநீரின் அளவு குறைகிறது. வடிகானுக்கு வரும் நீர் ஒரே நேரத்தில் குவியாமல் பிந்தி வருகிறது.

(2) தரைக்கீழ் நீர் மீள்நிரப்பப்படுகிறது. கரையோர மணல் மேட்டின் கீழே, உவர்நீரின் மேல் மழையால் உருவான நன்னீர் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயர்ந்திருந்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்க முடியும் என்பது பொதுவான விதி. மறுபுறமாகச் சொன்னால், மேலே சிறிது குறைந்தாலும் கீழே உவர் பெரிதாக ஏறி வரும். 2004 ஆழிப்பேரலையின் பின் எமது கிணறுகள் உவர்த்துப் போனதைப் பெற்றோரிடம் கேளுங்கள். அந்த உப்பைக் கழுவியது அடுத்தடுத்து வந்த மாரி மழைதான். மழை மண்ணுக்குள் இறங்கினால்தான் கழுவ முடியும்.

(3) நீர் சல்லியினூடாக இறங்கும்போது தூசு, மண் முதலியன ஓரளவு வடிகட்டப்படுகின்றன.

(4) தேங்கி நிற்கும் நீர் குறைவதால் டெங்கு நுளம்பு பெருகும் இடங்களும் குறைகின்றன.

7. எல்லைகள்

நல்ல விடை நன்மைகளோடு நிற்பதில்லை. இத்தளம் எங்கெல்லாம் பயன்தராது என்பதையும் சொல்ல வேண்டும்.

(1) தரைக்கீழ் நீர்மட்டம்: ஒரு பாத்திரம் ஏற்கனவே நிரம்பியிருந்தால் அதன் மூடியைத் திறந்து பயனில்லை. மார்கழி, தை மாதங்களில் தொடர் மழையின் பின் பதிவான வளவுகளில் இரண்டு அடி தோண்டினாலே நீர் வருகிறது. அவ்வேளையில் மணலும் நீரை எடுக்காது. மாரியில் உங்கள் டின் பரிசோதனை பிந்துவதற்குக் காரணம் இதுவே. எனவே இத்தளத்தை ஊரின் உயர்ந்த மணற் பகுதியில் அமைப்பதே சிறந்தது. வயலோரத்தில் மண் நிரப்பி உருவான குடியிருப்புகளில் இது அதிகம் உதவாது. அங்கு வடிகான்களும் நீர் தங்கும் ஈரநிலங்களும் காக்கப்பட வேண்டும்.

(2) அடைபடுதல்: காற்றில் பறக்கும் கடற்கரை மணலும் குப்பையும் இடைவெளிகளை அடைத்துவிடும். வருடத்தில் ஓரிரு முறையாவது, குறிப்பாக மாரிக்கு முன், இடைவெளிச் சல்லியைக் கிளறிச் சுத்தம் செய்து மீள நிரப்ப வேண்டும். பராமரிப்பு இல்லாவிட்டால் சில வருடங்களில் இது சாதாரணத் தரையாகி விடும்.

(3) மாசடைதல்: மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் அருகில், வாகனம் திருத்தும் இடங்களில், மீன் சந்தையின் கழிவு நீர் ஓடும் இடங்களில் இதை அமைத்தல் கூடாது. நீரோடு அழுக்கும் கிணற்றுக்குப் போகும்.

(4) பாரம்: கல்முனையூடாகச் செல்லும் கொழும்பு – மட்டக்களப்பு நெடுஞ்சாலை போன்ற கனரக வாகனப் பாதைக்கு இது பொதுவாக ஏற்றதன்று. வீட்டு முற்றம், பாடசாலை வளவு, பள்ளிவாசல் முன்றல், வாகனத் தரிப்பிடம், உள்ளொழுங்கை ஆகியவையே பொருத்தமான இடங்கள்.

(5) செலவும் திறனும்: பெருஞ்சல்லிப் படைக்குச் செலவு கூடும். வேலை செய்யும் மேசனுக்கும் புதிய முறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பழக்கத்தில் அவர் இடைவெளியைச் சீமெந்தால் பூசி விட்டால் எல்லாம் வீண்.

பணமில்லாதவர் என்ன செய்வது? முற்றத்தை முழுதும் மூடாமல், நடக்கவும் வாகனம் ஏறவும் மட்டும் இரண்டு பட்டி கல் பதித்து, மீதியை மணலாகவே விடலாம். ஆகச் செலவு குறைந்த ஊடுபுகவிடும் தளம் எமது மூத்தம்மாமாரின் மணல் முற்றம்தான்.

8. பிற இடங்களிலிருந்து உதாரணங்கள்

சீனா: மழைநீரை நகரம் கடற்பஞ்சு போல உறிஞ்ச வேண்டும் என்ற நோக்குடன் "கடற்பஞ்சு நகரம்" என்னும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. 2015 இல் முதற்கட்டமாக 16 நகரங்கள் தெரிவு செய்யப்பட்டன. நீர் ஊடுபுகவிடும் நடைபாதைகள், பூங்காக்கள், ஈரநிலங்கள் இதில் அடங்கும். இத்தகைய வேலைகள் நடைபெற்ற செங்சூ நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணித்தியாலத்தில் 201.9 மில்லிமீற்றர் மழை கொட்டியபோது நகரம் மூழ்கியது. சுரங்க ரயிலுக்குள்ளும் மக்கள் இறந்தனர். சாதாரண மழைக்கு உதவும் ஏற்பாடு அசாதாரண மழைக்குப் போதாது என்பதை இது காட்டுகிறது.

தமிழ்நாடு: 2003 ஆம் ஆண்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் சென்னையில் ஏரிகளும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியும் கட்டடங்களால் சுருங்கின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதன் விளைவு தெரிந்தது.

கொழும்பு: 2010 நவம்பரில் தலைநகரில் ஏற்பட்ட வெள்ளத்தின் பின் நீர் தங்கும் ஈரநிலங்களின் பெறுமதி உணரப்பட்டு, அவற்றைப் பேணும் வேலைகள் நடந்தன. 2018 இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது.

மூன்று உதாரணங்களும் சொல்வது ஒன்றே. முற்றம் தன் பங்கு நீரை எடுக்க வேண்டும், வடிகான் தன் பங்கைக் கொண்டு செல்ல வேண்டும், ஈரநிலம் மிச்சத்தை வைத்திருக்க வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்று முழுதாகச் செய்ய முடியாது. சாய்ந்தமருது, கல்முனைக்கு மேற்கேயுள்ள கரைவாகுத் தாழ்நிலங்களை நிரப்பிக் கொண்டே, ஊருக்குள் நீர் உறிஞ்சும் கல்லைப் பதிப்பதால் மாத்திரம் வெள்ளம் நீங்காது.

9. பயிற்சி வினாக்கள்

பின்வருவனவற்றுக்கு மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. ஊடுவடிதல் வேகம் ஆகக் கூடியது எது?
(1) களிமண் (2) மணல் மண் (3) கொங்கிறீற்று (4) தார்த் தரை

2. நீர் ஊடுபுகவிடும் தளத்தில் நீரைத் தற்காலிகமாகச் சேமிப்பது எது?
(1) கல் (2) வடிதுணி (3) பெருஞ்சல்லிப் படை (4) இடைவெளிச் சல்லி

3. 50 சதுர மீற்றர் முற்றத்தில் 40 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீரின் அளவு யாது?
(1) 90 லீற்றர் (2) 200 லீற்றர் (3) 2000 லீற்றர் (4) 20,000 லீற்றர்

4. இத்தளத்தை அமைக்க ஆகப் பொருத்தமற்ற இடம் எது?
(1) பாடசாலை வாகனத் தரிப்பிடம் (2) வாகனம் திருத்தும் நிலையம் (3) வீட்டு முற்றம் (4) உள்ளொழுங்கை

விடைகள்: 1 – (2), 2 – (3), 3 – (3), 4 – (2)

அமைப்புக் கட்டுரை வினா

(அ) மேற்பரப்பு ஓடுநீர் என்றால் என்ன? (2 புள்ளிகள்)
(ஆ) நகராக்கத்தினால் நகர வெள்ளம் அதிகரிக்கும் காரணங்கள் இரண்டினைத் தருக. (2 புள்ளிகள்)
(இ) நீர் ஊடுபுகவிடும் தளம் நகர வெள்ளத்தைக் குறைக்கும் விதத்தை விளக்குக. (4 புள்ளிகள்)
(ஈ) கரையோர நகரமொன்றில் அதன் எல்லைகள் இரண்டினைக் குறிப்பிடுக. (2 புள்ளிகள்)

(இ) பகுதிக்கு மாதிரி விடை

"நகரங்களில் தரை கொங்கிறீற்று, தார் என்பவற்றால் மூடப்படுவதால் மழைநீர் ஊடுவடியாமல் மேற்பரப்பு ஓடுநீராக மாறுகிறது. நீர் ஊடுபுகவிடும் தளத்தில் கற்களுக்கிடையேயுள்ள இடைவெளிகளினூடாக நீர் கீழே இறங்குகிறது. கீழுள்ள சல்லிப் படையின் வெற்றிடங்களில் அது தற்காலிகமாகச் சேமிக்கப்பட்டு, பின்னர் மெதுவாக மண்ணுக்குள் ஊடுவடிகிறது. இதனால் ஓடுநீரின் அளவு குறைவதோடு, வடிகான்களை நீர் ஒரே நேரத்தில் அடையாது பிந்தி அடைவதால் நகர வெள்ளம் குறைகிறது."

இவ்விடையில் நான்கு படிகள் உள்ளன: மூடப்பட்ட தரை, இறங்கும் நீர், சேமிப்பு, பிந்திய வெளியேற்றம். ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி எனக் கொண்டு எழுதிப் பழகுங்கள். "விளக்குக" என்ற சொல்லைக் கண்டால், ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வாறு வருகிறது என்பதைக் காட்ட வேண்டும். பட்டியல் போட்டால் போதாது. (ஈ) பகுதிக்கு 7 ஆம் பகுதியிலிருந்து ஏதாவது இரண்டை எழுதலாம். தரைக்கீழ் நீர்மட்டம் உயர்வாக இருத்தல் கரையோரத்துக்கே சிறப்பானது என்பதால் அதை முதலில் எழுதுங்கள்.

இறுதியாக ஒரு சொல். இந்தப் பாடம் பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிடக் கூடாது. இன்னும் சில வருடங்களில் உங்களில் பலர் வீடு கட்டுவீர்கள். சிலர் பிரதேச சபையிலும் மாநகர சபையிலும் கடமை புரிவீர்கள். சிலர் மேசன் வேலையே செய்யலாம்; அதுவும் பெருமைக்குரிய தொழில்தான். முற்றத்துக்கு என்ன போடுவது என்று வீட்டில் பேச்சு வரும் நாளில், 120 ஐ 60 ஆல் பெருக்கிப் பாருங்கள். உங்கள் படலைக்கு வெளியே போகும் நீர் யாருடைய வாசலுக்குப் போகிறது என்று ஒரு முறை எட்டிப் பாருங்கள். எங்கள் முற்றத்தில் பாதிக் கொங்கிறீற்றை நான் உடைத்து மணல் போட்டு விட்டேன். மாமியின் குசினிக்குள் இப்போது எங்கள் மழை போவதில்லை.

பரீட்சையில் சித்தியடைய வாழ்த்துக்கள்.